குறிப்பு இல்லாமல் ஒரே குக்கரில் இரவுச் சாப்பாடு: எதை முதலில் தீர்மானிப்பது?

மாலைச்சமையல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள்; இருவரும் வீடு திரும்பும்போது இரவு ஏழு மணியைத் தாண்டிவிடும். வீட்டில் மாமனாரும் பள்ளிக்குச் செல்லும் மகளும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் சாதம் தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று வைப்பது இயலாத காரியம் என்பதால், வார நாட்களில் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றிலேயே இரவு உணவை முடித்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

தக்காளி சாதம், சாம்பார் சாதம், வெண்பொங்கல் போன்றவற்றைக் குறிப்பைப் பார்த்துச் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் குறிப்பில் பீன்ஸும் காரட்டும் இருக்கும்போது என் கூடையில் பாதிச் சுரைக்காயும் இரண்டு கத்தரிக்காயும்தான் இருக்கும்; குறிப்பு சீரகச்சம்பா அரிசியைக் கேட்கும்போது டப்பாவில் சாமைதான் இருக்கும். அப்படிப்பட்ட நாளில், வீட்டில் இருப்பதை மட்டும் பார்த்து ஒரு பாத்திரச் சாப்பாட்டை அமைப்பவர்கள் மனத்தில் எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள்? நீர் விடும் காய்களைச் சேர்த்தால் தண்ணீரை எவ்வளவு குறைப்பது, புளியையும் தக்காளியையும் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது, தாளிப்பை முதலில் செய்வதா இறுதியில் கொட்டுவதா என்பனவும் எனக்குத் தெளிவாக வேண்டும்.

"எல்லாம் கண்ணளவுதான், செய்யச் செய்ய வந்துவிடும்" என்று முடித்துவிடாமல், அந்தக் கண் எதை அளக்கிறது என்பதை விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை

வணக்கம் சகோதரி. இந்தக் கேள்விக்கு எங்கள் கொங்குப் பகுதியில் விடை ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறது. அரிசிப் பருப்புச் சாதத்தை ஒரு தனிப் பண்டமாகப் பார்க்காமல், எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும் ஓர் அடித்தளமாகப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதன் அளவு எளிமையானது. பொன்னி பச்சரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர். இரண்டையும் கழுவிச் சேர்த்தே ஊற வைத்துவிட்டு, குக்கரில் எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தையும் தட்டிய பூண்டையும் வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, தண்ணீர் கொதித்ததும் அரிசியும் பருப்பும் போட்டு மூடினால் மூன்று விசிலில் ஆகிவிடும். இந்த மூன்று டம்ளர் தண்ணீரில் சாதம் குழையாமலும் உதிராமலும் நடுத்தரமாக வரும். சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் குழைவாக வேண்டுமென்றால் மூன்றரை, பொங்கல் போல் தளர்வாக வேண்டுமென்றால் நான்கரை. மாறுவது தண்ணீர் ஒன்றுதான். பொன்னிப் புழுங்கலரிசி கூடுதலாக நீர் குடிக்கும். அதற்கு அரை டம்ளர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாசுமதி அரிசி அரை மணி நேரம் ஊறியிருந்தால் ஒன்றுக்கு ஒன்றரையே போதும், ஆனால் பருப்போடு சேர்த்துக் குழைப்பதற்கு அது ஏற்ற அரிசி அன்று.

ஆகவே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது காயையோ மசாலாவையோ அல்ல. இன்று தட்டில் விழப்போவது உதிரியா, நடுத்தரமா, குழைவா என்பதைத்தான். அது முடிவாகிவிட்டால் தண்ணீர் முடிவாகிறது. தண்ணீர் முடிவானால் எந்தக் காய் பொருந்தும் என்பதும் தானே தெரிகிறது. சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய் போன்ற நீர்க்காய்கள் குழைவான சாதத்திற்கு உரியவை. அவற்றை உதிரியான தக்காளி சாதத்தில் போட்டால் தண்ணீரைக் குறைத்தாலும் சரிவராது, ஏனெனில் அரிசி வேகும் வேகத்திற்கு அவை நீர் விடுவதில்லை. முதலில் அரிசி நீரின்றித் தவிக்கும், பிறகு மேலே நீர் நிற்கும். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு கை நிறைய நறுக்கிய சுரைக்காய் சேர்த்தால் தண்ணீரில் கால் டம்ளர் குறைப்பது என் வழக்கம். கத்தரிக்காய், அவரைக்காய், உருளைக்கிழங்கு ஆகியவற்றிற்கு எதையும் குறைக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருக்கும் பாதிச் சுரைக்காயும் இரண்டு கத்தரிக்காயும் இந்தச் சாதத்திற்கு மிகவும் பொருத்தமானவை. மூடியைத் திறந்ததும் ஒரு கரண்டி நெய்யும் நசுக்கிய மிளகும் சேர்த்துக் கிளறிப் பாருங்கள்.

உலைநீர்

மேலே எழுதியவர் தண்ணீரிலிருந்து தொடங்குகிறார். நான் நேரத்திலிருந்து தொடங்குவேன். ஒரே பாத்திரத்தில் சமைப்பதன் இயல்பே, வெவ்வேறு நேரத்தில் வேகும் பொருள்களை ஒரே நேரத்தில் பரிமாறும் நிலைக்குக் கொண்டுவருவதுதான். எனவே மேடையில் பொருள்களை எடுத்து வைத்ததும், இவற்றுள் கடைசியாக வேகப்போவது எது என்று பார்க்கிறேன். கொண்டைக்கடலை இருந்தால் அதுதான் அன்றைய நேரத்தை ஆளும், இல்லையென்றால் துவரம்பருப்பு, அதுவும் இல்லையென்றால் அரிசி. வேகமாக வேகும் பொருள்களை மூன்று வழிகளில் அதனுடன் இணைக்கலாம்: பெரிய துண்டாக நறுக்கலாம், பிந்திச் சேர்க்கலாம், மெதுவாக வேகும் பொருளை முன்கூட்டி ஊற வைக்கலாம். உருளைக்கிழங்கை நான்காக வெட்டிப் போட்டால் பருப்போடு சேர்ந்து நிற்கும், சிறு சதுரமாக வெட்டினால் கரைந்துவிடும்.

குக்கரில் இது ஏன் முக்கியம் என்றால், நம் வீட்டு வெயிட் குக்கர்களில் காற்றழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தம் ஏறுகிறது; அந்நிலையில் உள்ளே நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. வேலை விரைவாக முடிகிறது, ஆனால் நடுவில் மூடியைத் திறந்து பார்க்கவோ சேர்க்கவோ இயலாது. ஆகவே முடிவுகள் அனைத்தையும் மூடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும், அல்லது திறந்த பிறகு செய்வதற்கென்று சிலவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அப்படி ஒதுக்கி வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது புளி. காய், பருப்பு ஆகியவற்றின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் காய் மெத்தென்றாகும், பருப்பு மசியும். புளிப்பான நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. புளித்தண்ணீரில் போட்ட பருப்பு எத்தனை விசில் வந்தாலும் விதை விதையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பருப்பு வேக மறுப்பதற்கும் இதே பெக்டின்தான் காரணம். அங்கே நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதை இறுக்கிவிடுகின்றன. வீட்டில் வடிகட்டிய குடிநீர் இருந்தால் பருப்புக்கு அதைப் பயன்படுத்துங்கள். சிலர் சமையல் சோடா சேர்க்கச் சொல்வார்கள். பருப்பு விரைவாக வெந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அந்தக் காரத்தன்மை அழித்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு தக்காளி அரிசிப் பருப்புச் சாதத்தைக் கெடுப்பதில்லையே என்று கேட்கலாம். மூன்று டம்ளர் தண்ணீரில் ஒரு தக்காளியின் புளிப்பு மிகவும் நீர்த்துப்போகிறது, 120 டிகிரி வெப்பமும் துணைக்கு இருக்கிறது. அதனால் பருப்பு வெந்துவிடுகிறது. நான்கு தக்காளி போட்டு, அதே நாளில் பருப்பும் மசிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பொருந்தாது. அன்றைக்குப் பருப்பைத் துவரையிலிருந்து பாசிப்பருப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது தக்காளியைத் தனியே வதக்கிப் பின்னர் கலக்கலாம்.

அடிபிடிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வதக்கிய வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் மூடிவிட்டால் அந்த ஒட்டல்தான் கருகும். தண்ணீர் ஊற்றியதும் கரண்டியின் விளிம்பால் அடியை நன்றாகச் சுரண்டி, அது நீரில் கலந்து, தண்ணீர் முழுவதும் கொதித்த பிறகே மூட வேண்டும். அந்த ஒட்டலில்தான் சுவையும் இருக்கிறது என்பதால் சுரண்டுவது இரு வகையிலும் இலாபம். குக்கரில் அரிசி, பருப்பு போன்று பெருகி நுரைப்பவற்றைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் குக்கர் என்றால் தண்ணீரும் சேர்த்து இரண்டரை லிட்டர்தான் எல்லை. நுரை அடங்குவதற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். நுரையோடு வரும் பருப்புத் தோல் ஆவித்துளையை அடைத்துவிடும் ஆபத்து உண்மையானது.

ஒற்றையறை

நான் குக்கர் அடுப்பு எதுவும் இல்லாத ஓர் அறையில், மின்சார ரைஸ் குக்கரை மட்டும் வைத்துக்கொண்டு சமைப்பவன். கேட்டவரின் நிலை வேறு என்றாலும், இதைப் படிக்கும் விடுதி மாணவர்களுக்கும் தனியாகத் தங்கியிருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

மின்சார ரைஸ் குக்கர் நேரத்தை அளப்பதில்லை. உள்ளே திரவமாக நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது. நீர் உறிஞ்சப்பட்டு முடிந்ததும் வெப்பம் மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் அடியிலுள்ள காந்தம் தன் ஈர்ப்பை இழந்து, விசை "சூடாக வைத்திரு" என்னும் நிலைக்கு மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் இக்கருவியில் எது நடக்கும், எது நடக்காது என்பது விளங்கிவிடும். நீர் தாராளமாக ஓடும் பதத்தில் தொடங்கி, அரிசி நீரை உறிஞ்சி முடிக்கும் சமையல் அனைத்தும் நடக்கும். கெட்டியான விழுதை முதலிலேயே அடியில் போட்டால், அந்த இடம் மட்டும் சூடேறி, அரிசி வேகும் முன்பே விசை விழுந்துவிடும். ஆகவே மசாலாப் பொருள்களைத் தண்ணீரில் கரைத்தே ஊற்ற வேண்டும்.

அழுத்தம் இல்லாததால் துவரம்பருப்பு எனக்கு ஒத்துவருவதில்லை. பாசிப்பருப்பும் மைசூர்ப்பருப்பும் அரிசியோடு சேர்ந்தே வெந்துவிடும். சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவை ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு தண்ணீரில் அரிசியைவிட விரைவாக வேகும். கீரையையும் உறைந்த பட்டாணியையும் விசை விழுந்த பிறகு மேலே தூவி, மூடி பத்து நிமிடம் விட்டுவிட்டால் அந்த ஆவியிலேயே வெந்துவிடுகின்றன.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ராஜ்மா என்னும் சிவப்புக் கிட்னி பீன்ஸை மின்சார ரைஸ் குக்கரிலோ மெதுவாக வேகவைக்கும் கருவிகளிலோ பச்சையாகப் போட்டு வேகவைக்காதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் குறைந்த வெப்பத்தில் அழிவதில்லை. கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் பத்து நிமிடமாவது தளதளவெனக் கொதித்தால்தான் அது பாதுகாப்பானது. அழுத்தக் குக்கரில் இந்தச் சிக்கல் இல்லை.

மாலைச்சமையல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. "உதிரியா குழைவா" என்பதை முதலில் முடிவு செய்வதும், "கடைசியாக வேகப்போவது எது" என்று பார்ப்பதும் நான் தேடிய கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று தோன்றுகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இருப்பதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் போடும்போது, காய்கள் மாறினாலும் சுவை மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் மகளின் குறை. அதை எவ்வாறு வேறுபடுத்துவது? மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியத்தை மாற்றினால் மட்டும் போதுமா என்பது இரண்டாவது ஐயம்.

தாமிரவருணி

மகளின் குறை நியாயமானது. வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் என்னும் அதே வரிசையில் தினமும் தொடங்கினால் எந்தக் காயைப் போட்டாலும் ஒரே மணம்தான் வரும். சுவையை மாற்ற வேண்டிய இடம் காய் அன்று. அரைப்பும் தாளிப்பும் புளிப்பும்தான்.

திருநெல்வேலிக் கூட்டாஞ்சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், முருங்கைக்கீரை என்று வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பதெல்லாம் அதில் சேரும். ஆனால் அதன் மணம் தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்த பச்சை அரைப்பிலிருந்து வருகிறது. தக்காளியும் கரம் மசாலாவும் அதற்குத் தேவையில்லை. புளிப்பு மாங்காயிலிருந்தோ சிறிதளவு புளிக்கரைசலிலிருந்தோ வரும். கடைசியில் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வெங்காய வடகம் பொரித்துக் கொட்டினால், அதே அரிசியும் பருப்பும் முந்தின நாளைய தக்காளி சாதத்தோடு எந்த உறவும் இல்லாத உணவாக நிற்கும்.

ஆகவே நான் செய்வது இதுதான். ஒரு நாள் தேங்காய் அரைப்பு, அதற்கு மாங்காய்ப் புளிப்பு. ஒரு நாள் மிளகும் சீரகமும் மட்டும், அதற்கு நெய். அன்று புளிப்பே வேண்டாம், பக்கத்தில் தயிர் இருந்தால் போதும். ஒரு நாள் வறுத்து அரைத்த தனியா, கடலைப்பருப்பு, வரமிளகாய், வெந்தயம், அதற்குப் புளி. ஒரு நாள் பட்டை, கிராம்பு, சோம்பு, புதினா, அதற்குத் தக்காளியோ எலுமிச்சையோ. இவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருப்பதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சாம்பார்ப்பொடி போட்ட சாதத்தில் பட்டையையும் சேர்ப்பது, தேங்காய் அரைத்த கூட்டில் இஞ்சி பூண்டு விழுதைச் சேர்ப்பது போன்ற தாராளம்தான் எல்லா நாளையும் ஒரே நாளாக ஆக்குகிறது. குறிப்பு இல்லாமல் சமைப்பவருக்குச் சேர்க்காமல் விடுவதில் கட்டுப்பாடு மிகவும் தேவை.

தாளிப்பு முன்னா பின்னா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். மணத்தை எண்ணெய்தான் வாங்கி வைத்திருக்கும். உணவு முழுவதும் ஊறிப்போக வேண்டிய பட்டை, சோம்பு, பூண்டு ஆகியவற்றை முதலில் தாளியுங்கள். சாப்பிடும்போது மூக்கில் பட வேண்டிய பெருங்காயம், கறிவேப்பிலை, மிளகு, வடகம் ஆகியவற்றைக் கடைசியில் தாளியுங்கள். பத்து நிமிடம் ஆவியோடு வெளியேறிய பிறகு அவற்றின் மணத்தில் மிச்சம் அதிகம் இருப்பதில்லை. ஒரு சிறு தாளிப்புக் கரண்டியை இரண்டாவது பாத்திரம் என்று யாரும் கணக்கிட மாட்டார்கள்.

வடமராட்சி

கூட்டாஞ்சோற்றைப் பற்றி வாசித்ததும் எங்கள் யாழ்ப்பாணத்துக் கூழ் நினைவுக்கு வந்தது. கேட்டவர் சொல்லும் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கிடைத்த மீன், இறால், நண்டு, அதனோடு பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை என்று எது இருக்கிறதோ அதுதான் கூழ்; எந்த வீட்டிலும் இரண்டு முறை ஒரே மாதிரி அமைவதில்லை. ஆனால் வரிசை மட்டும் மாறாது. சிறிது அரிசியும் பலாக்கொட்டையும் கிழங்கும் முதலில் கொதிக்கும், பிறகு பயற்றங்காய், அதன் பிறகு மீனும் இறாலும், இவையெல்லாம் வெந்த பின்னர்தான், ஊற வைத்துக் கசப்பு நீர் நீக்கிய ஒடியல் மாவும் (உலர்த்திய பனங்கிழங்கின் மாவு) அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்து ஊற்றப்படும். முருங்கையிலை எல்லாவற்றிற்கும் பின்னால். புளி ஏன் பிந்தி வருகிறது என்று மேலே ஒருவர் விளக்கியிருப்பதை வாசித்தபோது, எங்கள் அம்மம்மா ஒருபோதும் காரணம் சொல்லாமல் கடைப்பிடித்த வரிசைக்குக் காரணம் கிடைத்தது.

உங்களிடம் ஒடியல் மா இருக்காது, இருக்கவும் வேண்டாம். குக்கரில் காயும் பருப்பும் வெந்த பிறகு மூடியைத் திறந்து, கரைத்த மாவோ தேங்காய்ப்பாலோ சேர்த்து இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் வைப்பது என்னும் இரண்டாம் கட்டத்தை உங்கள் முறையில் சேர்த்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் சேர்த்த பிறகு தளதளவெனக் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும்.

உலைநீர்

சர்க்கரை நோய் பற்றிய கேள்விக்குப் பொதுவாகத் தெரிந்ததை எழுதுகிறேன். மாமனாருக்கு உரிய அளவை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சிறுதானியமாக மாற்றினால் மட்டும் போதாது. சாமையிலும் தினையிலும் வரகிலும் நார்ச்சத்து கூடுதலாக இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். நன்றாகத் தீட்டிய சிறுதானியத்தை ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் குழைத்தால் அது விரைவாகவே செரித்து இரத்தத்தில் சேரும். தானியம் எதுவாக இருந்தாலும் பாத்திரத்திற்குள் இருக்கும் விகிதத்தை மாற்றுவதுதான் வழி. நொய்யல்கரை சொன்ன அளவில் பருப்பைக் காலிலிருந்து அரை டம்ளராக உயர்த்தி, தானியத்தை ஒன்றிலிருந்து முக்காலாகக் குறைத்து, நறுக்கிய காய் தானியத்தின் அளவில் இரண்டு மடங்காவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பருப்பும் காயும் கூடும்போது தண்ணீரைக் குறைக்கத் தேவையில்லை, பருப்பும் நீர் குடிக்கும். அவருடைய பங்கை நடுத்தரப் பதத்திலேயே எடுத்து வைத்துவிட்டு, மகளுக்கு வேண்டிய பங்கில் வெந்நீர் சேர்த்து மசித்துக்கொள்ளலாம். ஊற வைத்த கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ காலையிலேயே குளிர்பெட்டியில் இருந்தால் இது இன்னும் எளிதாகும். காலையில் ஊற வைக்க மறந்த நாளில் கடலையைத் தேடாதீர்கள், பாசிப்பருப்புக்குப் போய்விடுங்கள்.

நொய்யல்கரை சொன்ன விசில் கணக்கில் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. அடுப்புத் தீயின் அளவுக்கும் வெயிட்டின் நிலைக்கும் ஏற்ப மூன்று விசில் என்பது ஒரு வீட்டில் ஆறு நிமிடமாகவும் மற்றொரு வீட்டில் பன்னிரண்டு நிமிடமாகவும் இருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஊறிய அரிசியும் துவரம்பருப்பும் என்றால் ஏழெட்டு நிமிடம், அரிசியும் பாசிப்பருப்பும் என்றால் ஐந்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து அணைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை விட்டுவிடுங்கள். அந்த இறங்கும் நேரத்திலும் சமையல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நொய்யல்கரை

விசில் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அடுப்பில் அது மூன்று. மற்றவர்கள் தங்கள் அடுப்பில் ஒரு முறை கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

உப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. குறிப்பு இல்லாத சமையலில் மூடியைத் திறந்த பிறகு திருத்த முடியாதது குழைவு, திருத்தக்கூடியது உப்பு. ஒரு டம்ளர் அரிசிக்கும் கால் டம்ளர் பருப்புக்கும் காய்க்கும் சேர்த்து மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுவிட்டு, தண்ணீர் கொதிக்கும்போது அதைச் சுவைத்துப் பாருங்கள். அந்த நீர் குடிக்கும் ரசத்தைவிடச் சற்றுத் தூக்கலாக இருந்தால் வெந்த பிறகு சரியாக இருக்கும், ஏனெனில் அரிசி அந்த உப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஊறுகாயும் அப்பளமும் உடன் இருக்கும் நாளில் இன்னும் சற்றுக் குறையுங்கள். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ அந்த அளவே இருக்கும் என்பதால், வீட்டில் பெரியவர் இருக்கும்போது கைக்கு வந்தபடி அள்ளிப் போடாமல் அளந்து போடுவது நல்லது.

மாலைச்சமையல்

இன்று இரண்டு டம்ளர் சாமை, ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, கத்தரிக்காய், சுரைக்காய், தேங்காய் அரைப்பு, புளிக்குப் பதிலாக மாங்காய் என்று அமைத்திருக்கிறேன். அரைப்பையும் மாங்காயையும் திறந்த பிறகு சேர்ப்பதாகத் திட்டம். அளவை இரட்டிப்பாக்கும்போது தண்ணீரையும் அப்படியே இரட்டிப்பாக்கலாமா? மிஞ்சியதை மறுநாள் மகளுக்கு மதிய உணவாகக் கொடுத்தனுப்பலாமா?

தாமிரவருணி

தாராளமாக அமையுங்கள், ஆனால் மாங்காயைத் துருவிச் சேருங்கள்; துண்டாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேகாது. தேங்காய் அரைப்பைச் சேர்த்ததும் பச்சை வாசனை போகும் அளவுக்கு மட்டும் கொதித்தால் போதும்.

தண்ணீரை அப்படியே இரட்டிப்பாக்க வேண்டாம். தானியமும் பருப்பும் குடிக்கும் நீர் இரட்டிப்பாகும். ஆவியாக வெளியேறும் நீர் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே மொத்தத்தில் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். சுரைக்காய்க்காக மேலும் கால் டம்ளர்.

மிஞ்சியதைக் கொடுத்தனுப்பலாம், ஆனால் இரவு முழுவதும் குக்கரிலேயே மூடி வைக்காதீர்கள். வெந்த அரிசியிலும் தானியத்திலும் வேகும் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் நுண்ணுயிர் வித்துகள் இருக்கக்கூடும். இளஞ்சூட்டில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நச்சு மறுநாள் சூடுபடுத்தினாலும் அழியாது. தேங்காய் சேர்ந்திருப்பதால் இது இன்னும் விரைவாகக் கெடும். பரிமாறி முடித்த உடனே அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் சிறிது வெந்நீர் தெளித்து, ஆவி பறக்கும்வரை சூடாக்கி டப்பாவில் அடையுங்கள். மதியம்வரை வெப்பமான வகுப்பறையில் இருக்கும் என்றால், மகளுக்கென்று தேங்காய் அரைப்பு சேர்ப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, காலையில் மிளகும் நெய்யும் தாளித்துக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.